சால் முதல் கேன் வரை

அரசர்களுக்கும் போர்களுக்கும் வரலாறு உண்டு. அவற்றை எழுதிவைத்தோரும் பலர். நாம் நாள்தோறும் கையில் எடுத்து நீர் மொள்ளும் பாத்திரத்திற்கும் அதன் பெயருக்கும் வரலாறு உண்டு. அதை எழுதிவைத்தோர் சிலரே. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் அத்தகைய எளிய சொல்லொன்றின் வழியைத் தேடிப் பார்க்கலாம் எனத் தோன்றியது. 'பக்கெட்' என்பதே அச்சொல். ஆங்கிலச் சொல்லாயினும் இன்று தமிழ்நாட்டில் அதை அறியாத வீடு இல்லை. ஆனால் பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு அச்சொல் குளியலறையோடு முடிந்துவிடுவதில்லை. அது நம் கிணற்றுக்கும், தோல் தொழிலுக்கும், இன்று நாம் விலைகொடுத்து வாங்கும் குடிநீருக்கும் இட்டுச் செல்கிறது.

நம் ஊர்ப் பெயரிலேயே தொடங்கலாம். அரங்கநாதர் பள்ளி கொண்ட தலம் ஆதலின் இது பள்ளிகொண்டா. இப்பெயரில் உள்ள 'கொள்' என்னும் வினையே 'கொள்கலம்' என்னும் சொல்லிலும் உள்ளது. எதையேனும் தன்னுள் கொள்வது கொள்கலம். 'கலம்' என்பதோ பொருள் வளம் மிக்க சொல். மண்பாண்டமும் கலம், கடலில் செல்லும் மரக்கலமும் கலம், அணிகலனும் கலம். பன்னிரண்டு மரக்கால் கொண்ட முகத்தலளவைக்கும் அதுவே பெயர். கலம் பன்னிரண்டும், பகம் அதில் பாதியாகிய ஆறும் என எண்ணி, பதினெட்டு உறுப்புகளால் ஆன சிற்றிலக்கியத்தைக் கலம்பகம் என்றனர் எனப் பொருள் கூறுவோர் உண்டு. சமையலறைப் பாத்திரத்தின் பெயர் இலக்கிய வகையொன்றின் பெயராகும் அளவுக்குத் தமிழில் கலங்கள் பெருமை பெற்றன. ஆனால் எல்லாக் கலங்களும் அப்பெருமையைப் பெற்றனவா? இக்கேள்வியை மனத்திலிருத்தி மேலே செல்வோம்.

வயிறும் பையும்

'பக்கெட்' என்னும் சொல், இங்கிலாந்தை வென்ற நார்மானியரின் பிரெஞ்சு வழக்கில் 'புக்கெட்' என இருந்தது. அதன் அடியில் இருப்பது 'பூக்' என்னும் பழைய ஆங்கிலச் சொல் என்பர் அறிஞர். அதற்குக் குடுவை என்றும் வயிறு என்றும் இரு பொருள்கள். வயிற்றைக் கலமாகவும் கலத்தை வயிறாகவும் காணும் பார்வை ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. இரைப்பை, கருப்பை, பித்தப்பை, சிறுநீர்ப்பை என்று உடலின் உள்ளுறுப்புகளை நாமும் பை என்றே அழைக்கிறோம். ஆங்கிலத்தில் வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி'யும் கொல்லனின் துருத்தியைக் குறிக்கும் 'பெல்லோஸ்' என்பதும் தோற்பையைக் குறித்த ஒரே பழஞ்சொல்லின் இரு கிளைகள். மனிதன் முதன்முதலில் கண்ட பை விலங்கின் தோலும் வயிறுமே ஆதலால், மொழிகள் இவ்வாறு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

இன்று நெகிழியிலும் தகரத்திலும் வரும் பக்கெட் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் மரத்தாலும் தோலாலும் செய்யப்பட்டது. ஊரில் தீப்பிடித்தால் வரிசையாக நின்று கைமாற்றித் தண்ணீர் ஊற்றுவதற்கென இங்கிலாந்தின் மாதா கோவில்களிலும் பொது மண்டபங்களிலும் தோல் பக்கெட்டுகளைத் தொங்கவிட்டிருந்தனர். தோல் போய்ப் பெயர் மட்டும் நின்றது.

இவ்வாறு தோலை இழந்த சொற்கள் இன்னும் உண்டு. 'பட்ஜெட்' அவற்றுள் ஒன்று. 'புல்கா' என்னும் இலத்தீன் சொல் தோற்பையைக் குறிக்கும். அதிலிருந்து பிரெஞ்சில் சிறு பையைக் குறிக்கும் 'பூஜெட்' பிறந்து, ஆங்கிலத்தில் பட்ஜெட் ஆயிற்று. 1733ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நிதிப் பொறுப்பை வகித்த வால்போலைக் கேலி செய்து வெளிவந்த சிறு நூலொன்று, அவரைத் தம் மருந்துப் பையைத் திறந்து காட்டும் போலி வைத்தியராகச் சித்தரித்தது. கேலியாக வந்த அச்சொல்லே பின்னர் நாட்டின் வரவு செலவுத் திட்டத்திற்குப் பெயராக நிலைத்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று அளித்தவர் கோவைத் தமிழரான ஆர். கே. சண்முகம் செட்டியார். அதன்பின் நெடுங்காலம் நிதியமைச்சர்கள் தோற்பெட்டியுடன் நாடாளுமன்றம் சென்றனர். 2019இல் அதன் இடத்தில் சிவப்புத் துணியால் பொதிந்த கணக்குக் கட்டு வந்தது. தோல் பையைக் குறித்த சொல் மட்டும் மாறவில்லை.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இத்தகைய இடத்தில் என்ன செய்வார் என்பதற்கும் நல்ல சான்று உண்டு. புதிய திராட்சரசத்தைப் பழைய கலங்களில் வார்ப்பதில்லை என்னும் விவிலிய உவமையில், 1611ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கிலப் பதிப்பு 'பாட்டில்' என்ற சொல்லை ஆண்டது. கண்ணாடிக் குப்பியை மட்டுமே அறிந்த இக்கால வாசகர்க்கு அந்த உவமை விளங்காது. பழைய குப்பி ஏன் வெடிக்க வேண்டும்? தமிழ் மொழிபெயர்ப்பிலோ 'துருத்தி' என்னும் சொல் அமைந்தது. பழந்தோல் நெகிழாது, புளித்துப் பொங்கும் சாற்றைத் தாங்காமல் கிழியும் என்பது தோலை அறிந்தவர்க்கு உடனே விளங்கும். அங்கே தமிழ், தோலை மறவாதிருந்தது.

பாலாற்றங்கரையின் பக்கெட்

பக்கெட்டிற்கு நிகராகப் பலரும் ஆளும் 'வாளி' என்னும் சொல் பழைய இலக்கியத்தில் நீர்க்கலத்தைக் குறித்ததன்று. கம்பனிடம் வாளி என்றால் அம்பு. பெண்டிர் காதிலும் வாளி என்றோர் அணி உண்டு. வடக்கே வழங்கும் 'பால்டி' போர்ச்சுகீசியரின் 'பால்தே' என்னும் சொல்லிலிருந்து வந்தது. நம் வாளியையும் அதனோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. பீப்பாய் அதே மக்களின் 'பிப்பா'. இவையெல்லாம் கப்பலில் வந்த பெயர்கள்.

கப்பலில் வராத பெயர் 'சால்'. பெரிய நீர்க்கலத்தையும் கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் கலத்தையும் அது குறிக்கும். உழவில் ஏர் கீறிய கோடும் சால். நிறைவைக் குறிக்கும் வினையடியும் சால். சான்றோர், சால்பு என்னும் உயர்ந்த சொற்கள் அவ்வினையடியிலிருந்து பிறந்தவை. இவை மூன்றும் ஒரே வேரினவா என்பது மொழிநூலார் ஆய வேண்டியது. ஆயினும் நிலமும் நீரும் நிறைவும் ஒரே ஒலியில் கூடியிருப்பது உழவர் காதுக்கு இனிமையானதே.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. அதன் நீர் மணலுக்கு அடியில் ஓடும். எனவே இப்பகுதியின் வேளாண்மை ஏரியையும் கிணற்றையும் நம்பியது. கிணற்று நீரை மேலே கொணர்ந்தது கவலை ஏற்றம். தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் கபிலை என்றும் கமலை என்றும் வழங்குவது இதுவே. இன்றைய இளைஞர்க்கு 'கவலை' என்றால் மனத்துயரம் மட்டுமே ஆதலின் அதன் அமைப்பைச் சற்று விரித்துரைப்பது தகும்.

கிணற்று விளிம்பில் நட்ட கால்களின் மேல் ஓர் உருளையும், அதற்குக் கீழே, நீர் விழும் தொட்டியின் ஓரத்தில் மற்றோர் உருளையும் இருக்கும். மேல் உருளையின் வழியே செல்லும் தடித்த வடம் சாலைத் தாங்கும். சாலின் அடியில் யானையின் துதிக்கை போன்று நீண்ட தோற்குழாய் தைக்கப்பட்டிருக்கும். அக்குழாயின் வாயைக் கீழ் உருளை வழியே செல்லும் மெல்லிய கயிறு பிடித்திருக்கும். சால் கிணற்றுக்குள் இருக்கும்போது குழாய் மடங்கி மேல்நோக்கி நிற்பதால் நீர் சிந்தாது. சரிவான தடத்தில் மாடுகள் இறங்கிச் செல்ல, ஓட்டுபவர் தம் எடையையும் சேர்க்க வடத்தின் மேல் அமர்வார். சால் மேலே வந்ததும் குழாயின் வாய் தொட்டிக்குள் நீளும். நீர் தானே கொட்டிவிடும். சாய்த்துக் கவிழ்க்க மற்றொருவர் வேண்டியதில்லை. ஒரே இழுப்பில் இரண்டு கயிறுகளையும் அளந்து இயக்கும் இந்நுட்பம் எந்தப் பொறியியல் கல்லூரியிலும் பிறந்ததன்று.

அதன் உயிர் தோலில் இருந்தது. எருமைத் தோலோ மாட்டுத் தோலோ ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பல நாள் ஊறிப் பதமாகும். பின்னர் வெட்டித் தைக்கப்படும். பிற்காலத்தில் சால் இரும்பாக மாறிய இடங்களிலும் மடங்கி நிமிர வேண்டிய குழாய் தோலாகவே இருந்தது.

தைத்த கை

புறநானூற்றில் குயவரைக் கலம் செய்யும் 'கோ' என்றே விளித்துப் பாடிய பாட்டு உண்டு. மண்ணைக் கலமாக்கியவர்க்குக் கிடைத்த விளி அது. அதே தொகையில் சாத்தந்தையார் பாடிய 82ஆம் பாட்டில், கட்டிலை வாரால் பிணிப்பவனின் ஊசி எத்தனை விரைவாகச் செல்லும் என்பது போரின் விரைவுக்கு உவமையாகிறது. கைத்திறன் புலவரின் வியப்பைப் பெற்றது. ஆனால் அக்கைக்கு உரியவனைப் பாட்டு 'இழிசினன்' என்றே சுட்டுகிறது. திறனை உவமைக்கு எடுத்துக்கொண்டு ஆளைத் தாழ்த்தும் வழக்கம் அத்துணைப் பழையது.

சாலைத் தைத்தவர்க்கும் அதுவே நேர்ந்தது. சால் கிழிந்தால் கழனி காயும். ஆகவே உழவர் அவரை வரவழைத்தனர். அறுவடையில் களத்து மேட்டில் அவர்க்குரிய தானியத்தையும் அளந்தனர். அவர் தைத்த தோலுக்குள் நாளெல்லாம் நிறைந்து வந்த நீரில் நெல்லும் கேழ்வரகும் விளைந்தன. ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒரு குடம் நீர் மொள்ள அவர்க்கு உரிமை இல்லை. தோலில் வந்த நீருக்குத் தீட்டில்லை. தோலைத் தைத்த கைக்குத் தீட்டுண்டு என்று வகுத்த நெறிக்கு எந்த நூல் நியாயம் கற்பிக்கும்?

பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லோர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கிணறு என்னும் சொல்லை வெளிப்படையாகவே எழுதி, அதைப் பயன்படுத்துவதில் சாதி முதலியவற்றால் தடை கூடாது என்றது. ஒரு நாட்டின் தலையாய சட்டத்தில் கிணறு இடம்பெற வேண்டியிருந்தது என்பதே, கிணற்றடியில் நடந்தது என்ன என்பதற்குச் சான்று.

ஒப்பிட்டு நோக்க மற்றொரு சொல்லும் நம் பகுதியிலேயே உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் வழங்கும் உருது மொழியில், முதுகில் சுமக்கும் தோல் நீர்ப்பைக்கு 'மஷக்' என்று பெயர். அதைச் சுமந்து வந்து நீர் வார்ப்பவர் 'பிஷ்தி'. சுவர்க்கத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான 'பிஹிஷ்த்' என்பதிலிருந்து அப்பெயர் வந்தது. வாழ்வில் அவர்க்கும் செல்வமோ உயர்நிலையோ வாய்த்ததில்லை. ஆயினும் தாகம் தீர்ப்பவரைச் சுவர்க்கத்தோடு இணைத்துக் கூப்பிட அம்மொழிக்கு மனம் வந்தது. அப்படியொரு பெயரைச் சால் தைத்தவர்க்கு நாம் சூட்டவில்லை.

ஒரு பொறியாளரின் மூன்று செயல்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கதை எதிர்பாராத திருப்பம் கொள்கிறது. சென்னையில் பொறியியல் பேராசிரியராக இருந்து பின்னர் மாகாணத் தொழில்துறையை வழிநடத்திய ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். நம் சமையலறைகளில் மண்ணுக்கும் பித்தளைக்கும் அருகே அலுமினியம் வந்து அமர்ந்த கதையில் அவருக்குப் பங்குண்டு.

அவரது அடுத்த முயற்சியே நமக்கு இங்கு முதன்மையானது. பட்டையால் பதனிட்ட தோல் ஓயாமல் நீரில் கிடந்தால் நாளடைவில் அதன் சத்து கரைந்து நைந்துவிடும். உழவர்க்குக் கவலைச் சால் ஓயாத செலவாக இருந்தது. குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் உரிமம் பெற்றிருந்தார். அம்முறையில் பதனிட்ட தோல் நீரை நன்கு தாங்கும். பட்டை முறையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை மிகக் குறைந்த காலத்தில் முடியும். 1903ஆம் ஆண்டையொட்டிச் சாட்டர்ட்டன் சென்னையில் குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கியபோது, அவர் கருத்தில் இருந்த முதன்மையான பயன்களுள் ஒன்று காலணியன்று. கிணற்றில் நீர் இறைக்கும் சால். சென்னைக்கு அருகே குரோம்பேட்டை என்னும் ஊர்ப் பெயரும் அத்தொழில் அவ்விடத்தில் வேரூன்றியதன் நினைவே.

மூன்றாவது செயல், எண்ணெய் இயந்திரத்தால் கிணற்று நீரை இறைக்கலாம் எனச் செய்து காட்டியது. நல்ல சாலை ஆக்கித் தர முயன்றவரே சாலுக்கு முடிவு கட்டும் இயந்திரத்தையும் கொணர்ந்தார். பின்னர் மின்சாரம் வந்தது. 1960களிலும் 70களிலும் பம்புசெட்டுகள் பெருகப் பெருக, கவலைத் தடங்கள் தூர்ந்தன. கவலைப் பாட்டும் ஓய்ந்தது. மாடு இழுத்தவரை நீர் ஊறும் அளவுக்கே கிணறு இறைக்கப்பட்டது. இயந்திரத்திற்கு அந்தப் பொறுமை இல்லை. கிணறுகள் ஆழம் போயின.

கிணற்றுக்குத் திரும்பிய குரோமியம்

சால் மறைந்தது, அதன் பொருட்டு ஆராயப்பட்ட குரோமியம் மறையவில்லை. பாலாற்றுத் தோல் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையால் பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகம் வழியே ஏற்றுமதி செய்து வந்தது. 1972இல் அமைந்த சீதாராமையா குழுவின் பரிந்துரையை அடுத்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு நடுவணரசு வரம்பு விதித்தது. முழுமையாக்கிய தோலும் காலணியும் அனுப்பப்பட வேண்டும், நாட்டிற்கு அந்நியச் செலாவணி மிகுதியாக வர வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியது. வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை தொழில் வளர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்கு, குறிப்பாகக் காலணித் தொழிற்சாலைகளில் பெண்களுக்கு, ஊதியம் கிடைத்தது. இதனை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் தோல் குடித்தது போக எஞ்சிய குரோமியமும், பச்சைத் தோலைக் காத்த உப்பும் கழிவுநீரில் கலந்து வெளியேறின. சுத்திகரிக்கப்படாத நீர் ஓடையிலும் ஏரியிலும் ஆற்றிலும் இறங்கி, மணலுக்கு அடியில் ஓடிய நீரைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் ஒரு பகுதியோ முழுமையுமோ சாகுபடிக்கு ஆகாததாயிற்று என்னும் ஆய்வு முடிவை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளுள் அது முதன்மையானது. சட்டக் கல்லூரிகளில் வேலூரின் பெயர் அதனால் பயிலப்படுகிறது. எனினும் இழப்பீடும் மீட்பும் குறித்து 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

கொள்கலம் என்பது கொண்டதைக் காக்க வேண்டும். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்து, இரவில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் மடிந்தனர். பிழைப்புக்காக நெடுந்தொலைவிலிருந்து வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். தோலைத் தொட்ட கை கலத்தைச் செய்த காலத்திலும், அக்கலத்தின் நன்மை அக்கைக்குச் சேரவில்லை. கலம் உடைந்த காலத்திலும் துன்பம் அதன்மேலேயே விழுந்தது.

சொல்லின் இன்றைய பொருள்

இனி 'பக்கெட்' என்னும் சொல்லுக்குத் திரும்புவோம். இன்று ஆற்றோரத்தில் அச்சொல் வேறொரு பொருளில் ஒலிக்கிறது. மண் வாரும் இயந்திரத்தின் பல் வைத்த அள்ளுவாய்க்கும் பக்கெட் என்றே பெயர். தோல் பக்கெட் நீரை மட்டும் மொண்டது. இரும்பு பக்கெட், நீரைத் தன்னுள் தேக்கிவைத்திருந்த மணலையே வாரிச் சென்றது. மணல் என்பதும் ஒரு கொள்கலமே. பாலாற்றின் மிகப் பெரிய கொள்கலம் அதுதான்.

கிணறும் மணலும் கைவிட்டபின் நம் நாவில் வந்து அமர்ந்த புதிய சொல் 'கேன்'. பழைய ஆங்கிலத்தில் 'கன்னே' என்பது கலத்தைக் குறித்தது. இன்று இருபது லிட்டர் நெகிழிக் குடுவையில் அடைத்த நீர் தெருத்தெருவாக வருகிறது. 'தண்ணி கேன்' என்றால் குழந்தைக்கும் புரியும். 'சால்' என்றால் பெரியவர்களிலும் பலர்க்குப் புரிவதில்லை. சால் இருந்த காலத்தில் நீர் ஊருடையதாயிருந்தும் சிலருக்கு மறுக்கப்பட்டது. கேனின் காலத்தில் சாதி கேட்கப்படுவதில்லை, காசு கேட்கப்படுகிறது. மறுப்பு முறை மாறியிருக்கிறது, மறுப்பு மாறவில்லை.

பழைய கவலை மீண்டும் வர வேண்டும் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோளன்று. மாட்டின் கழுத்தும் மனிதனின் உடலும் தேய்ந்த காலம் அது, திரும்ப வேண்டியதில்லை. ஆனால் அதன் சொற்கள் அழிய வேண்டியதுமில்லை. வடம், உருளை, தடம், தொட்டி, சால், அதன் குழாய், தையல், பதம் என ஒவ்வொன்றுக்கும் ஊருக்கு ஊர் தனிப்பெயர்கள் வழங்கின. அவற்றை அறிந்த முதியோர் நம் தெருக்களிலும், தோல் தொழிலாளர் வாழும் குடியிருப்புகளிலும் இன்னும் சிலர் உள்ளனர். பத்தாண்டுகளாகக் கவிதையும் காப்பியமும் பேசி வந்த நம் வட்டம், வரும் ஆண்டுகளில் அவர்களிடம் சென்று அச்சொற்களைக் கேட்டு எழுதிவைக்குமாயின் அது தமிழுக்குச் செய்யும் தொண்டு. சொற்களோடு அவற்றைத் தந்தவர்களின் வாழ்வையும், கிணற்றடியில் அவர்கள் நின்ற தொலைவையும் சேர்த்தே எழுத வேண்டும். கலத்தின் பெயரைக் காத்து, கலம் செய்தவரின் பெயரை மறக்கும் பழைய பிழை நம் ஏட்டில் தொடரலாகாது.